வயலின் வில்லைத் துடைத்தேன்

ஏழு வருடங்களுக்கு முன்பு நடந்தது. துபாய்க்குப் பக்கத்தில் ராஸ் அல் கைமாவில் ஒரு கடற்கரை ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலையில் சேர்ந்து எனக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

என் பொறுப்பில் இருந்த ஓர் அறையில் ஸ்காட்லாந்துக்கார இளம்பெண் தங்கியிருந்தார். வயலின் கலைஞர். செல்டிக் என்று சொல்லும் தங்கள் நாட்டுப்புற மெட்டுகளை அரபு இசையோடு கலந்து வாசிப்பவர். அன்று மாலை ஏழு மணிக்கு எங்கள் ஹோட்டலிலேயே கச்சேரி.

அவர் சாப்பிடப் போயிருந்தபோது அறைக்குள் போனேன். மேசையில் வயலின் பெட்டி திறந்து கிடந்தது. வில்லின் முடி முழுக்க வெள்ளைத் தூசி. மணல்தான் என்று நினைத்து, மேசைக்குப் போடும் பாலிஷைத் துணியில் அடித்துத் துடைத்து வைத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைப்பு.

மூன்று மணிக்கு அந்தப் பக்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால், உள்ளே வயலின் சத்தத்துக்குப் பதில் வெறும் 'உஸ்... உஸ்...'தான். பிறகு அவர் போனில் யாரிடமோ அழுகிற குரல். நான் துடைத்ததுதான் காரணம் என்று புரிந்துவிட்டது.

கூட வேலை பார்த்த அக்காவிடம் ஓடினேன். அவரும் என்னைப் போல இலங்கையில் ஹட்டன் பக்கம். "வாயத் தொறக்காத புள்ள. யாரும் பாக்கலதானே? சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா கலாஸ், எல்லாம் முடிஞ்சுது, விசாவ கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிருவாங்க" என்றார்.

ஊரில் என்னை நம்பி மூன்று பேர். அரைமணி நேரம் ஒரே பெட்ஷீட்டைத் திரும்பத் திரும்ப மடித்தேன். அப்புறம் போய்க் கதவைத் தட்டினேன்.

தெரிந்த இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் சிவந்துவிட்டது. "யாரைக் கேட்டுத் தொட்டாய்?" என்று கத்தினார். வேலை போச்சு என்றே நினைத்தேன். சட்டென்று நிறுத்தி, "என்ன போட்டுத் துடைத்தாய்?" என்றார். பாலிஷ் என்றதும் பாத்திரம் கழுவும் சோப்பு கொண்டுவரச் சொன்னார். வில் ஏன் கெட்டது என்று அதுவரை அவருக்குப் புரிந்திருக்கவில்லை. மாற்று வில்லும் கைவசம் இல்லை.

மரத்தில் தண்ணீர் படாமல் நான் பிடித்துக்கொள்ள, அவர் முடியை மட்டும் கழுவினார். காயவே மாட்டேன் என்றது. ஐந்தாயிற்று, ஆறாயிற்று. ஹோட்டல் மெனு அட்டையால் விசிறிக்கொண்டே நின்றேன். கடைசியில் ஒரு பிசின் கட்டியை எடுத்து முடியில் தேய்த்தார். நான் மணல் என்று நினைத்தது அந்தப் பிசின் தூளைத்தான். அது இருந்தால்தான் வில் தந்தியைப் பிடிக்குமாம். முதல் இழுப்பில் மறுபடி 'உஸ்'. அடுத்ததிலும். மூன்றாவதில் சத்தம் வந்தது.

அவர் சிரிக்கவில்லை. "இனி யாருடைய பொருளையும் கேட்காமல் தொடாதே. வந்து சொன்னதற்கு நன்றி" என்றார். சூப்பர்வைசர் காதுக்கு எதுவும் போகவில்லை.

சமையலறை வழியில் நின்று கச்சேரியைக் கேட்டேன். துள்ளல் மெட்டும் அரபு மேளமும் சேர்ந்து ஓட, கூட்டமே கைதட்டியது. நானோ வில் எந்த நிமிடம் வழுக்குமோ என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று நானே சூப்பர்வைசர். ஏதாவது ஒரு பெண் தவறு செய்துவிட்டு என் முன்னால் கை பிசைந்து நின்றால், அந்த இடம்வரை நடந்து வர அவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது.