கடலுக்குள் ஒரு கிரிவலம்

நேற்று புதுச்சேரியில், கடலுக்கு அடியில்...

ஆமாம், நானேதான்! அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கும் அதே நான்! (நீச்சல்? தெரியாது.)

சின்ன வயதில் டிவியில் ஒரு படம் பார்த்தேன். கதாநாயகி கடலுக்குள் இறங்குவாள். தலைமுடி மிதக்கும், சுற்றிலும் நீலம், மீன்கள் விலகி வழி விடும்.

படத்தின் பெயர் மறந்துவிட்டது, கதையும் மறந்துவிட்டது. அந்த நீலம் மட்டும் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

இப்போது ரீல்ஸ் வேறு! கடலடி வீடியோ பார்த்தபடியே எத்தனை முறை பாலைப் பொங்க விட்டிருக்கிறேனோ.

ஸ்கூபா டைவிங் போகிறேன் என்றதும் வீட்டுக்காரர் சிரித்தார்.

"படத்தப் பாத்துட்டு எவனாச்சும் கடல்ல குதிப்பானா? அதெல்லாம் செட்டுடி! நீ நனையாமயே திரும்பி வருவ பாரு."

அந்த வார்த்தைதான் சுட்டது. பௌர்ணமிக் கூட்டம் ஓய்ந்ததும் கடையை அவர் தலையில் கட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

முதலில் நீச்சல் குளத்தில் பயிற்சி. குழாயைக் கவ்விக்கொண்டு வாயால் மட்டும் மூச்சு விட வேண்டும். எனக்கோ மூக்கு முந்திக்கொண்டது! மூக்கையும் சேர்த்து மூடும் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து, பயந்து எழுந்து நின்றேன். மறுபடியும் அதே கதை.

பயிற்சி கொடுத்த தம்பி பொறுமையாகத்தான் சொன்னார்.

"இன்னொரு வாட்டி பாக்கலாங்க்கா. வரலன்னா நீங்க படகுலயே உக்காந்துக்கோங்க. உள்ள ரிஸ்க் எடுக்க முடியாது."

அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷத்து ஆசை படகோடு முடிந்துவிடுமா? வீட்டுக்காரர் சொன்னது பலித்துவிடுமா?

அப்போது எங்கள் கடையைத் தாண்டி கிரிவலம் போகும் வயதானவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவசரமே பட மாட்டார்கள். ஒரு அடி, ஒரு அரோகரா.

நானும் அப்படியே செய்தேன். மூச்சை இழுக்கும்போது 'அண்ணாமலைக்கு', விடும்போது 'அரோகரா'. மனசுக்குள்தான்! (வாயில்தான் குழாய் இருக்கிறதே.)

மூச்சு அடங்கியது. தம்பி சரி என்று தலையசைத்தார். படகு கிளம்பியது!

உள்ளே இறங்கினால்... நீலம் இல்லை. பச்சை!

முதலில் ஏமாற்றம்தான். பிறகு அந்தப் பச்சைக்குள் வெயில் கோடு கோடாக இறங்கியது. என் மூச்சுக் குமிழிகளின் சத்தம் மட்டும் கேட்டது. பின்னணி இசை இல்லை. யாரும் டீ கேட்கவில்லை. உடம்பு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை, கனவில் பறப்பது மாதிரி.

எதிரே ஒரு பாறை. மேலெல்லாம் பாசி, சுற்றிலும் சின்னச் சின்ன மீன்கள்.

நெருப்பே மலையாக நிற்கும் ஊர்க்காரி நான், தண்ணீருக்குள் ஒரு மலையைப் பார்க்கிறேன்! கண்ணாடிக்குள்ளேயே கண் கலங்கியது.

தம்பி என் கையைப் பிடித்து ஒரு பக்கம் கூட்டிப் போனார். நான் மறு பக்கம் இழுத்தேன். அவர் கை காட்டினார், நான் தலையாட்டி மறுத்தேன். கடைசியில் பாவம், அவரே என் வழிக்கு வந்தார். ஒரு சுற்று மெதுவாகச் சுற்றி முடித்தோம். முடியவே கூடாது என்று இருந்தது.

படகில் ஏறியதும் கேட்டார்.

"ஏங்க்கா, நான் ஒரு பக்கம் காட்டினா நீங்க வேற பக்கம் இழுக்கறீங்க?"

"மலைய இடப்பக்கம் வெச்சு சுத்தக்கூடாது தம்பி. வலப்பக்கம்தான் இருக்கணும்."

"அது மலை இல்லக்கா, பாறை!"

"எனக்குத் தெரியுது, காலுக்குத் தெரியலியே! அதுவும் செருப்பு போட்டுட்டு சுத்திட்டேன்."

(நீளமாக ரப்பரில் ஒன்றைக் காலில் மாட்டிவிட்டிருந்தார்கள். அண்ணாமலையார் மன்னிப்பாராக!)

தம்பி எடுத்த வீடியோவை வீட்டுக்கு வந்து காட்டினேன். வீட்டுக்காரர் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். சிரிக்கவில்லை.

"பயமா இல்லியாடி?"

"சுத்த ஆரம்பிச்சதும் போய்டுச்சுங்க."

மூன்றாவது முறையும் வீடியோவை ஓட விட்டபடி, "எனக்கு நீச்சல் தெரியாதே..." என்றார்.

"எனக்கு மட்டும் தெரியுமா?"

படம் பார்த்து எவனாவது குதிப்பானா என்று கேட்ட மனுஷன், என் படத்தைப் பார்த்து விழுந்துவிட்டார்! உங்களுக்கும் இப்படி எந்தப் படமாவது ஆசை காட்டியிருக்கிறதா மக்களே?

இன்று காலை கடையில் பார்க்கிறேன், டீ ஆற்றி வைத்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார்.

கிரிவலம் வந்த ஒரு அம்மா, கையிலிருந்த கிளாஸையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏங்க, டீல எதனா நாத்தம் அடிக்குதா?"