இஸ்திரி மேஜையில் ஓர் அராஜகவாதி

பெரிய வார்த்தை ஒன்றைச் சொல்வதற்கு முன் அவள் கணவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிடுவான். அவன் இஸ்திரி போடும் அதே தையல்கூடத்தில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கிற அவள், பதினாறு வருஷமாக இதைக் கவனித்து வருகிறாள். பெட்டி நிமிர்ந்தால் யார் தலையோ உருளப்போகிறது. கூடுதல் கூலி கேட்டவன் பொருள்முதல்வாதி. யோசித்துச் சொல்கிறேன் என்றவன் கருத்துமுதல்வாதி. எல்லாம் மேடைப் பேச்சுகளில் பொறுக்கியது. புரியாதவர்கள் தலையாட்டுவார்கள், புரிந்தவர்கள் அங்கே யாருமில்லை.

தொழிலாளர் சங்கத் தேர்தல் வந்தது. அங்கே ஓட்டுச் சீட்டுக்குப் பதில் துணி வெட்டும் மேஜையின் சாக்கட்டிதான். தலைவர் பதவிக்கு நிற்கிற இரண்டு பேரில் ஒருவருக்கு வெள்ளை, மற்றவருக்கு நீலம், ஒரு துணிப்பைக்குள் போடவேண்டும். இஸ்திரிக்கு ஆவி தரும் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் அவள் தம்பி எதையும் போடவில்லை. ஆவிக்குழாய் ஒழுகுவதைப் பற்றி இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை என்றான். கணவன் ஆதரித்தவர் ஒரே ஒரு சாக்கட்டியில் தோற்றார்.

பெட்டி நிமிர்ந்தது. "என் மச்சினன் ஒரு அராஜகவாதிய்யா."

சாப்பாட்டு நேரத்துக்குள் அது மேனேஜர் காதுக்குப் போயிற்று. சாயங்காலம் தம்பியிடமிருந்து கொதிகலன் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அராஜகம் பண்ணுகிறவன் கையில் நெருப்பைக் கொடுக்க முடியாதாம். திங்கட்கிழமை வேறு ஆள் வருவானாம்.

இரண்டு நாள் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊசி கையைக் குத்தியது. மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கணவனைக் கெஞ்சினாள்.

"அது அரசியல் விமர்சனம்டி. தனிப்பட்ட முறையில சொல்லல."

"அதுக்கு என்ன அர்த்தம்னாவது சொல்லுங்க. நானே போய்ச் சொல்றேன்."

அவன் தண்ணீர் குடித்தான். ஆட்சியை எதிர்ப்பவன் என்றான். பிறகு ஒழுங்கில்லாதவன் என்றான். கடைசியில், அதெல்லாம் படித்தால்தான் புரியும் என்றான். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்.

சனிக்கிழமை மேனேஜர் இஸ்திரிப் பக்கம் வந்தபோது அவள் எழுந்து போய் அவர் முன்னால் நின்றாள். கணவன் மூன்றடி தள்ளித்தான் நின்றிருந்தான்.

"சார், அது என் புருஷனுக்கு அர்த்தம் தெரியாத வார்த்தை. ஓட்டுல தோத்த கோவத்துல சொல்லிட்டாரு. என் தம்பி பத்து வருஷமா அந்த மீட்டர் முள்ளுலேர்ந்து கண்ண எடுத்தது இல்ல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர் கணவனைப் பார்த்தார். அவன் பெட்டியை நிமிர்த்தாமல், தேய்த்த சட்டையையே மறுபடி தேய்த்தான்.

திங்கட்கிழமை தம்பியே வேலைக்குப் போனான். ஐந்து மாதமாகிறது. கணவன் இப்போது அவளோடு பேசுவதெல்லாம் அரிசி, பருப்பு, வாடகை பற்றித்தான். தையல்கூடத்துக்கு அவளுக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விடுகிறான். அவள் பின்னால் தனியாக நடந்து போகிறாள்.