செருப்புக் காப்பகத்துப் பூனைக்குட்டி

திருத்தணி மலைக்கோயிலில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கும் அம்மா அவர். ஒல்லியானவர். டோக்கனை நீட்டும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார். செருப்புத் தட்டுக்குக் கீழே ஒரு பூனைக்குட்டிக்குச் சோறு போட்டு வளர்த்துவந்தார். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் அது மிதிபட்டுச் செத்துவிடும், அதற்குள் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். குட்டிக்கு வீடு தேடுவதெல்லாம் ஒரு பெரிய வேலையா என்று அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன்.

அதைப் பார்த்து அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு தறிக்காரர் வந்தார்.

"எலி நூலைக் கடிச்சிகினே இருக்குதும்மா."

"சோறு போடுவியா நைனா?" என்றார் அந்த அம்மா.

"சோறு போட்டா எலி புடிக்காதே!"

"அப்ப கெளம்பு."

அடுத்து வந்த கல்லூரிப் பெண்ணுக்கு என்ன பேச வேண்டும் என்று செருப்புத் தட்டுப் பக்கத்தில் நின்றே போனில் சொல்லிக்கொடுத்திருந்தேன். பால், முட்டை, தடுப்பூசி என்று அவள் தடுமாறாமல் ஒப்பித்தாள். அந்த அம்மா அவளை அனுப்பிவிட்டு, "தறிக்காரருக்கு போன் போடு" என்றார்.

"அவருதான் சோறே போட மாட்டேன்றாரே!"

"ஆங், உள்ளதைச் சொன்னாரு. சண்டை போட்டாவது ஒத்துக்க வெச்சிடுவேன். இந்தப் பொண்ணு உன் வாயால பேசிட்டுப் போச்சு. அது மனசுல இருக்கறது எனக்கு எப்படித் தெரியும்?"

இரண்டு வேளை சோறு என்று தறிக்காரரை ஒத்துக்கொள்ள வைத்த பிறகே குட்டியைக் கொடுத்தார்.

எனக்குக் கோபம்தான். நான் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றும் தவறில்லை என்று இப்போதும் வாதாடுவேன். ஆனால், பூனை வளர்க்க உனக்கு ஆசையா என்று அந்தப் பெண்ணை நான் கேட்கவே இல்லை.