மோதிர விரலுக்கும் ஓர் உறை

அவளுடைய வலது கை ஊசியைத் தள்ள, இடது கை தோலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. கையுறையில் விரல் இடுக்குகள்தான் சள்ளை பிடித்த இடம். மெஷின் அங்கே எட்டாது, கைத்தையல்தான். அந்த இடது கையில் மோதிர விரல் இல்லை. தோல் வெட்டும் அச்சு போன வருடம் எடுத்துக்கொண்டது.

விரல் போனதே தவிர, வலி போகவில்லை. இல்லாத விரல் முறுக்கிக்கொண்டு எரியும். வாய் தவறி அதைச் சொன்ன அன்று, பட்டறை முதலாளியான சொந்த அண்ணனே எல்லார் முன்னாலும் சொன்னான்: "இல்லாத விரல் வலிக்குதாம். நாளைக்கு அதுக்குத் தனியா சம்பளம் கேப்பா பாரு. நல்லா நடிக்கிறா."

பட்டறையே சிரித்தது. அன்றைக்கு எரிந்த மாதிரி அச்சு விழுந்த அன்றுகூட எரியவில்லை.

நரம்பு டாக்டர் சிரிக்கவில்லை. விரல் போனாலும் மூளையில் அதற்கான இடம் அப்படியேதான் இருக்கும் என்றார். அடிபட்ட வலியும் அவமானப்பட்ட வலியும் அங்கே பாதி தூரம் ஒரே பாதையில்தான் போகின்றன. அண்ணன் பேச்சு விரலில் எரிந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை என்றார். அப்படியானால் எல்லாம் பிரமையா என்று கேட்டாள்.

"இல்லம்மா. நெஜ வலி."

அது போதும் அவளுக்கு. கூடப் பிறந்தவன்தானே, விட்டுத்தொலை என்று அண்ணி வந்து சொல்லிப் பார்த்தாள். ஊரறியச் சொன்னதை ஊரறியத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும் என்று அண்ணியை அனுப்பிவிட்டாள் இவள்.

இப்போது தைப்பது தனக்கு. ஐந்து விரலும் வைத்து. நான்காவதில் பஞ்சை அடைத்தாள். தழும்பில் காற்றுப் படாவிட்டால் எரிச்சல் கொஞ்சம் அடங்கும். தோல் தண்டம், அந்த விரலை மடித்துத் தைத்துவிடு என்றான் அண்ணன்.

"கை என்னுது," என்றாள், நிமிராமல்.

பட்டறை வழக்கப்படி, ஒவ்வொரு கையுறைக்குள்ளும் அண்ணன் விரல் விட்டுத் தையலைத் தடவிப் பார்த்துக் குரல் கொடுத்தால்தான் அது வெளியே போகும். கடைசி முடிச்சைப் போட்டு நூலைக் கடித்தவள், எழுந்துபோய் நீட்டினாள்.

கட்டைவிரல் பார்த்தான். அடுத்த இரண்டும் பார்த்தான். நான்காவதில் அவன் விரல் பஞ்சில் முட்டி நின்றது. எடுக்கவில்லை. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"ரொம்ப வலிக்குதா பாப்பா?" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"சத்தமா கேளுண்ணே. அன்னிக்கு சத்தமாத்தானே சொன்ன."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாகவே கேட்டான்.

"வலிக்குது," என்றாள்.

"அவ நடிக்கல," என்றான் அண்ணன், பட்டறையைப் பார்த்து. பிறகு சுண்டுவிரலையும் தடவிப் பார்த்து, தையல் சரி என்று குரல் கொடுத்து, கையுறையை அவளிடம் நீட்டினான்.