இடுப்பில் பிள்ளை, கையில் டிக்கெட்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கட்டைவிரல் அக்கா. கால்பந்து லீக்கின் மொபைல் செயலிக்குத் திரைகளை வடிவமைப்பது அவள் வேலை. எந்தத் திரையைச் செய்தாலும், ஒரு கையில் போனைப் பிடித்து அந்தக் கையின் கட்டைவிரலாலேயே திறந்து பார்த்த பிறகுதான் மூச்சு விடுவாள். இதை யாரும் அவளுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆறு வருஷம் மைதானத்து டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருந்தவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு கையும் காலியாக வந்து நின்ற ஆளை அவள் பார்த்ததே இல்லை. குடை இருக்கும், பை இருக்கும், இல்லாவிட்டால் பிள்ளை இருக்கும்.

அதனால் வீட்டில் அவளுடைய சோதனைக் கருவி அண்ணன் மகள். பத்து மாதம், ஒன்பது கிலோ, செல்லப் பெயர் பூசணி. பூசணி இடுப்பில் இருக்கும்போதே டிக்கெட் திறந்துவிட்டால் அந்தத் திரை தேறிவிட்டது என்று அர்த்தம்.

"அண்ணி, இவளக் கொஞ்சம் குடுங்க. ரெண்டே நிமிஷம்."

"தரேன். ஆனா போன தடவ மாதிரி போனை நக்க விட்டே, உன்னையும் சேத்துக் குளிப்பாட்டிருவேன்."

இத்தனை பாடும் அண்ணனுக்காகத்தான். அவன் மூன்றாம் வாசலில் டிக்கெட் ஸ்கேன் செய்பவன். போன சீசன் கடைசி ஆட்டத்தன்று ஆட்கள் போனுக்குள் டிக்கெட்டைத் தேடிக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள். பின்னால் இருந்தவர்கள் நெருக்கித் தள்ளியதில் அவன் சட்டைப் பை கிழிந்து தொங்கியது. "உங்க ஆப்புக்கு நான்தான் கெடச்சேனா?" என்று கேட்டபடி வீட்டுக்குள் வந்தான். ஐந்து தட்டலுக்கு உள்ளே கிடந்த டிக்கெட்டை, இரண்டு மாதம் மல்லுக்கட்டி முதல் திரைக்குக் கொண்டுவந்தாள்.

சனிக்கிழமை புது சீசனின் முதல் ஆட்டம். புதன்கிழமை விளம்பரப் பிரிவு மேலாளர் வந்து தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"டிக்கெட்டுக்கு முன்னாடி ஸ்பான்சர் வீடியோ ஒண்ணு வரணும்மா. வெறும் ஏழு செகண்ட்."

"வாசல்ல நிக்கிறவனுக்கு அது வெறும் ஏழு இல்ல சார்."

"ஏழு செகண்டுல என்ன குடியா முழுகிடும்?"

அவள் வாதாடவில்லை. "நாளைக்குப் பயிற்சி ஆட்டம் இருக்கு. வீடியோவோட ஆப்பை உங்க போன்ல ஏத்தித் தரேன். மூணாம் வாசல் வழியா உள்ள போய்க் காட்டுங்க. போயிட்டீங்கன்னா சனிக்கிழமை அப்படியே விட்டுடலாம். நான் வாயே தொறக்க மாட்டேன்."

"ப்பூ, இவ்வளவுதானா?" என்று சிரித்தார்.

மறுநாள் வெயில் மண்டையைப் பிளந்தது. வரிசையில் முந்நூறு பேர் இருப்பார்கள். மேலாளருக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் என்னும்போது, அவள் வீட்டிலிருந்து தூக்கி வந்திருந்த பூசணியை அவர் இடுப்பில் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"டிக்கெட்டோட சேந்து வர்றது சார்."

மேலாளர் செயலியைத் திறந்தார். வீடியோவில் வண்ண வண்ணமாய் ஏதோ ஆட, பூசணி கை நீட்டித் திரையில் ஒரு அடி போட்டாள். ஸ்பான்சர் கம்பெனியின் பக்கம் பளிச்சென்று திறந்தது. அதை மூடிவிட்டுச் செயலிக்குத் திரும்பினார். வீடியோ மறுபடி முதலிலிருந்து.

"ஓரமா நில்லுங்க சார், ஆளு வருது," என்றான் அண்ணன், தலை நிமிராமல். வாசலில் நின்றால் அவன் முகம் பார்ப்பதில்லை. அவனுக்குப் போன்தான் கணக்கு.

இரண்டாம் முறை வெயிலில் திரையே தெரியவில்லை. மூன்றாம் முறை பூசணி போனை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"யோவ், படம் பாக்கவா வந்தே?" என்றது வரிசை.

எரிச்சலோடு நிமிர்ந்த அண்ணனைப் பார்த்ததும் பூசணி போனை விட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

"சார்... இது எம் பொண்ணாச்சே!"

"உங்க பொண்ணா? மொதல்ல புடிங்க சாமி!"

பின்னால் நின்ற கட்டைவிரல் அக்கா வானத்தைப் பார்த்துக்கொண்டாள்.

மேலாளர் கைக்குட்டையால் போனைத் துடைத்தார், பிறகு கழுத்தை. "சரிம்மா, டிக்கெட்டே மொதல்ல வரட்டும். ஸ்கேன் ஆனப்புறம் வீடியோ. வேணவே வேணாம்னு மட்டும் சொல்லிடாத. நானும் மேல பதில் சொல்லணும்."

அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அன்றே மாற்றிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"சட்டை எப்படிண்ணா இருக்கு?" என்றாள், எடுத்ததுமே.

"பையெல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. வரிசை தண்ணி மாதிரி ஓடுச்சு."

"அப்புறம் ஏன் குரல் இப்படி இருக்கு?"

"வாசலத் தாண்டுனதும் எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி நின்னு வீடியோ பாக்குறாங்கடி! ஒருத்தன் முதுகுல ஒருத்தன் முட்டுறான். இதுக்கு நீ பழையபடியே விட்டிருக்கலாம்."

"எத்தன அடி தள்ளி நிக்கிறாங்க?"

"நான் என்ன டேப்பு வச்சுக்கிட்டா நிக்கிறேன்? மூணோ நாலோ இருக்கும்."

"மூணா, நாலா?"

"ஐயோ, மூணும்மா, மூணு! போதுமா?"

மூன்று என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். வீடியோ வந்தால் நடக்கிறவன் மூன்றடிக்குள் நின்றுவிடுகிறான். உட்கார்ந்தவன் யாரையும் முட்டமாட்டான். வீடியோவை இடைவேளைக்குத் தள்ளிவிட்டால் ஆயிற்று. அதுவரை ஸ்கேன் ஆனதும் திரையில் இருக்கை எண்ணும் போகிற வழியும் மட்டும் தெரியட்டும். ஆனால் நடந்துகொண்டே அதைப் படிக்க முடியுமா?

எழுந்து போய்ப் பக்கத்து அறைக் கதவைத் தட்டினாள்.

"அண்ணி, பூசணி முழிச்சிருக்காளா? மாடிப்படி வரைக்கும் ஒரு நடை நடந்துட்டு வந்துடுறேன்."