ஹோன் இல்லாத கார்

என்னைப் பெண் பார்த்தது தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்தில் இல்லை, நுவரெலியா டவுனில், ஏப்ரல் சீசன் கார்னிவலில். அது என் தாய்மாமாவின் ஏற்பாடு. லயத்துக்கு யாராவது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் போதும், பக்கத்துக் காம்பராக்களில் குடியிருப்பவர்கள் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். காரியம் கைகூடாமல் போனால் அதை வருஷம் முழுக்கப் பேசுவார்கள். என் விஷயத்தில் ஏற்கெனவே ஒருமுறை பேசித் தீர்த்திருந்தார்கள். முதலில் வந்தவன் தன்னை லொறி டிரைவர் என்று சொல்லிக்கொண்டான். விசாரித்துப் பார்த்தால் அந்த லொறியில் அவன் கிளீனர். மாமா அந்தப் பேச்சை அன்றோடு முறித்துவிட்டார். அவன் பொய் சொன்னானே என்று எனக்குக் கோபம். அவன் கிளீனர் என்று மாமாவுக்குக் கோபம். இரண்டும் வேறு வேறு என்று அவருக்கு விளங்கவைக்க என்னால் முடியவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அப்பா இல்லாததால் என் கல்யாண விஷயத்தில் மாமா சொல்வதுதான் முடிவு. இரண்டாவதாக வந்த வரனும் லொறி டிரைவர் என்றதும் அவர் உஷாராகிவிட்டார். கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறாராம். அதை நேரில் பார்க்க வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. ஆனால் தோட்டத்து லொறியைப் பெண் பார்க்கவா எடுத்துவர முடியும்?

நானும் அம்மாவும் மாமாவும் காத்து நிற்க, அவரும் அவருடைய அக்காவும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஆள் ஒல்லி. கம்பளி ஜேர்சியின் கை நீளமாக இருந்ததால் மடித்து விட்டிருந்தார். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்புறம் ராட்டினத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ராட்டினத்தைக் கட்டிக்கொள்ளவா வந்தார்?

அப்போதுதான் மாமாவின் கண்ணில் அந்த மெஷின் பட்டது. ஒரு கூடாரத்துக்குள் அலுமாரி அளவில் நின்றது. முன்னால் ஒரு சீட்டு, ஸ்டியரிங், கால்மிதி, கியர்க் கம்பி. கார் ஓட்டும் விளையாட்டு என்றான் அதை வைத்திருந்த சிங்களப் பையன். மாமாவின் முகம் மலர்ந்தது.

"தம்பி, டிரைவர்தானே நீங்க? சும்மா ஒரு தரம் ஓட்டிக் காட்டுங்க."

அவருக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பையன் ஓட்டிக்கொண்டிருந்தான். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். படத்தைப் பார்த்ததும் அம்மா என் காதில், "லைட்டு போயிருச்சா?" என்றாள். பெட்டி முழுக்க ஒரே இருட்டு. மலை இல்லை, தேயிலை இல்லை, வானம்கூட இல்லை. இரண்டு பக்கமும் சின்னச் சின்ன வெள்ளைக் கட்டைகள் மட்டும் தூரத்தில் புள்ளியாகத் தோன்றி, பெரிதாகி, ஓரமாக ஓடி மறைந்தன. கீழே தெரிந்த காரும் வெறும் ஸ்டிக்கர்தான், கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அசையவே இல்லை. ரோடு என்று யாரும் எதையும் வரைந்திருக்கவில்லை. வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவில் மிச்சம் இருப்பதுதான் ரோடு என்று நாமே வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு சோம்பேறித்தனமாகப் படம் போட்டவனை எனக்கு உடனே பிடித்துப்போனது. பனி இறங்கிய நாளில் இறம்பொடை வளைவுகளில் பஸ்ஸின் முன்சீட்டில் உட்கார்ந்தால் இதேதான் தெரியும், சுண்ணாம்பு அடித்த ஓரக்கல் மட்டும்.

பையன் கண்டபடி ஓட்டினான். கட்டையில் மோதினால் மெஷின் டர்ரென்று கத்தும், படம் பளிச்சென்று மின்னும், அடுத்த நொடி கார் பழையபடி ஓடும். அவன் நிறையப் புள்ளி எடுத்து இறங்கினான்.

எங்கள் ஆள் ஏறி உட்கார்ந்தார். சீட்டை முன்னுக்கு இழுத்துப் பார்த்தார், அது வரவில்லை. பக்கக் கண்ணாடியைத் தேடினார். ஸ்டியரிங்கின் நடுவில் அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஹோன் எங்க?" என்று கேட்டார்.

"ஹோன் நே" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான் மெஷின்காரப் பையன்.

"ஹோன் இல்லாம வளைவுல எப்படித் திரும்புறது?" என்று முணுமுணுத்துக்கொண்டே முதல் கியரைப் போட்டார். வெள்ளைக் கட்டைகள் ஊர்வலத்துக்கு வருவதைப் போல நிதானமாக வந்தன. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. மூன்றாவதில் கட்டைகள் ஒரேயடியாக ஒரு பக்கமாகச் சாய்ந்து, முன்னால் வெறும் கறுப்பு மட்டும் நின்றது. அவர் வண்டியை நிறுத்திவிட்டார். நிறுத்தி, ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"போங்க, போங்க!" என்று பின்னால் வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள்.

"முன்னுக்கு ஒன்னும் தெரியலையே" என்றார் அவர்.

படத்தின் மூலையில் நேரம் குறைந்துகொண்டே வந்து முடிந்தது. அவர் எடுத்த புள்ளியைச் சொன்னால் இன்றைக்கும் வீட்டில் சண்டை வரும். கூடாரமே சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவிடம் குனிந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இன்னொரு கிளீனர்" என்றார். அந்த அக்காவின் முகம் செத்துப்போனது. "இல்லைங்கண்ணே, ஆறு வருசமா ஓட்டுறான்" என்றார். யார் கேட்டார்கள்?

எனக்கு மாமாமேல் வந்த ஆத்திரத்தில், "நானும் ஓட்டுறேன்" என்று போய் உட்கார்ந்துவிட்டேன். அம்மா சேலையைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை. மெஷின்காரப் பையன் சிரித்துக்கொண்டே பொத்தானை அமுக்கினான். ஒரே மிதி! டர்ர், பளிச், டர்ர், பளிச். அத்தனை கட்டையையும் இடித்துத் தள்ளினேன். வாய்விட்டுச் சிரித்தேன். பெண் பார்க்கும் நாளில் அப்படிச் சிரித்தவள் எங்கள் தோட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தற்செயலாகப் பக்கத்தில் பார்த்தேன். அவர் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு வளைவுக்கும் அவருடைய வலது கால் கூடாரத்துத் தரைப்பலகையைப் போட்டு மிதித்தது. அங்கே பிரேக் ஏது! அவருக்கு அது தெரியவே இல்லை. "மெதுவா, மெதுவா... ஏத்தத்துல வண்டி வந்தா எடம் குடுக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அவரைவிடப் பல மடங்கு புள்ளி எடுத்திருந்தேன். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். அவரும் சிரித்தார், வஞ்சனை இல்லாமல், என்னைவிடச் சத்தமாக.

இறங்கி நேரே அவரிடம் கேட்டேன். "ஏன் நிப்பாட்டுனீங்க?"

"தெரியாத எடத்துல எப்படிங்க போறது? லொறின்னா பின்னுக்குக் கொழுந்துச் சாக்கு மேல ஆளுங்க ஒக்காந்திருப்பாங்களே."

பின்னால் யாருமே இல்லாத ஒரு ஸ்டிக்கர் காரில் அவர் ஆட்களை ஏற்றி வைத்திருந்தார்.

"சரி, நேரமாச்சு, பஸ்ஸப் பாப்போம்" என்று மாமா கூடாரத்தை விட்டு வெளியேறினார். அப்படியென்றால் இந்தப் பேச்சும் முறிந்தது என்று அர்த்தம். நான் அசையவில்லை.

"மாமா, எனக்கு இவருதான்."

மாமா திரும்பி வந்தார். "கூறு கெட்டவளே, இவன் டிரைவரே இல்லைங்கிறேன்."

"கிளீனரா இருந்தாலும் இவருதான்."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். அத்தனை பேர் சிரித்தபோதும் கோபப்படாத மனிதருக்கு அப்போதுதான் முகம் சிவந்தது.

"நான் டிரைவர்தாங்க" என்றார். மாமாவிடம் இல்லை, என்னிடம்.

"தெரியும்" என்றேன்.