காத்திருப்போர் பட்டியலுக்கு எழுதும் கடிதங்கள்

மெடிக்கல் காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. போடும்வரை மனுஷர்களாக இருப்பவர்கள் போட்ட பிறகு என்ன ஆகிறார்கள் என்று, பிள்ளை பெற்ற உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

வளைகுடாவில், சத்வா என்கிற பகுதியில் ஒரு டெய்லர் கடைக்கு மேலே என் ஆபீஸ். முன்பு விசா பாரம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். இப்போது இது. சீட்டு உண்டு என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் பிள்ளைகளை வெயிட்டிங் லிஸ்டில் தொங்கவிடுகிற காலேஜ்களுக்கு, ‘அப்ளிகேஷன் போட்ட பிறகு இன்னின்னது செய்திருக்கிறேன், இன்னமும் உங்களிடம் படிக்கத்தான் ஆசை’ என்று எழுத வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குள் என்னென்ன கூத்து நடக்கும் என்பதற்கு அருளப்பன் ஒருத்தர் போதும்.

ஸ்டாம்ப் எங்கே?

அருளப்பனுக்குத் தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கம். புஜைராவில் எண்ணெய் டாங்குகளில் ஃபிட்டர். மகள் ஷைனியைக் கூட்டிக்கொண்டு வந்தார். இங்கேயே உள்ள ஒரு காலேஜில் அவள் வெயிட்டிங் லிஸ்டில் இருந்தாள். பாதி ஃபீஸை அந்தக் காலேஜே ஏற்றுக்கொள்ளும் என்பதால் அது ஒன்றுதான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். வேறெங்கும் போடவே இல்லை. அது போனால் அந்த வருஷம் கலாஸ், முடிந்தது.

‘இன்னமும் ஆசை’ கடிதத்தை அடித்துக் கொடுத்தேன். மனிதர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தையும் பார்த்தார். “இதுல ஸ்டாம்ப் எங்க?” என்றார். ஈமெயிலில் போகிற கடிதத்துக்கு ஸ்டாம்ப் கிடையாது அண்ணே என்றேன். வேண்டுமானால் கம்பெனி ஸ்டாம்ப் அடித்து வாங்கி வருகிறேன், சூப்பர்வைசர் நல்ல மனுஷன் என்றார். ஷைனி தலையில் கை வைத்துக்கொண்டு, “டாடி, ப்ளீஸ்” என்றாள். அவர் விடுவதாக இல்லை.

“லீவு லெட்டருக்கே ஸ்டாம்ப் கேக்கிற ஊரு இது. ஸ்டாம்ப் இல்லாம போனா எவன் மேடம் நம்புவான்?”

புதுசா என்ன?

அடுத்தது, புதுச் செய்தி சொல்லும் கடிதம். பரீட்சை முடிந்த பிறகு புதுசாக என்ன செய்தாய் என்று ஷைனியைக் கேட்டேன். “ஒண்ணுமில்ல ஆன்ட்டி. வெயிட் பண்றேன்” என்றாள். காத்திருப்பதைச் செய்தியாக எழுத எனக்கு இன்னும் கைவரவில்லை. ஏதாவது நடந்தால் சொல் என்று அனுப்பிவைத்தேன்.

பத்து நாளில் அருளப்பனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு சர்டிஃபிகேட் வந்தது. ஊர்க்காரர் ஒருத்தர் மேனேஜராக இருக்கிற சின்ன கிளினிக் கொடுத்தது. ஷைனி அங்கே ஆறு மாதம் நோயாளிகளுக்குத் தொண்டு செய்தாளாம். பாருடி, சொல்லாமல் கமுக்கமாக இருந்திருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஊரில் ஸ்டாம்ப் அடித்த காகிதத்தைச் சந்தேகப்பட யாருக்குப் பழக்கம்? நல்லபடியாக எழுதிக் கொடுத்தேன். மகளுக்கு ஈமெயிலைத் திறந்து கொடுத்ததே அவர்தான், பாஸ்வேர்டும் அவரிடம்தான். அவரே அனுப்பிவிட்டு எனக்குப் போன் போட்டார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“இப்ப ஸ்டாம்ப் இருக்குலா மேடம்?”

கீழே யார் பேர்?

மறுவாரம் அப்பாவும் மகளும் படியேறி வந்தார்கள். ஷைனியின் முகம் சிவந்திருந்தது. அனுப்பிய மெயில்களில் அதைப் பார்த்திருக்கிறாள். அந்தக் கிளினிக்குக்கு அவள் பரீட்சை முடிந்ததும் போனது மூன்று வாரம்தான். அங்கே செய்ததும் டோக்கன் கொடுத்ததுதான்; அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று என்னிடம் சொல்லாமல் விட்டிருக்கிறாள். எனக்கு வந்ததே கோபம்! “என்ன அண்ணே, என்னையும் சேர்த்தா ஏமாத்துவீங்க?” என்று கத்திவிட்டேன்.

அவருக்குத் தான் செய்ததில் தப்பே தெரியவில்லை. “நான் இங்க வாரப்ப மூணு வருஷம் ஃபிட்டர் வேலை பாத்ததா ஒரு பட்டறையில எழுதி வாங்கிட்டுத்தான் வந்தேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. வந்து கத்துக்கிடலையா? இன்னைக்கு எனக்குக் கீழ எட்டு பேரு. இவளும் உள்ள போயிட்டா கத்துக்கிடுவா” என்றார். நியாயம் பேசுகிறவரிடம் சண்டை போட்டுவிடலாம். அவர் சொன்னது நடந்த கதை.  பதில் ஷைனியிடமிருந்து வந்தது. இங்கேயே வளர்ந்தவள், தமிழை யோசித்து யோசித்துச் சொன்னாள்.

“பொய் சொன்னது நீங்க இல்ல டாடி, நான். கீழ என் பேர்தான் இருக்கு.”

நான் எழுதாத கடிதம்

திருத்தி ஒரு கடிதம் அனுப்ப வேண்டும் என்றாள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கடிதம் நான் எழுதியதில்லை, எழுதவும் தெரியாது. என் நாற்காலியைக் கொடுத்தேன். அவளே அடித்தாள். ‘நான் போனது மூன்று வாரம், ஆறு மாதம் இல்லை. டோக்கன் கொடுத்தேன், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளவில்லை. மன்னிக்க வேண்டும். இன்னமும் உங்களிடம் படிக்கத்தான் ஆசை.’ அதில் தொட்டுத் திருத்த எனக்கு ஒரு வார்த்தைகூட அகப்படவில்லை. அப்பாவைக் காட்டிக்கொடுக்கும் வரி ஒன்றுகூட இல்லை. 

“அனுப்புனா சீட்டு போயிரும், தெரியும்லா?” என்றார் அருளப்பன். “தெரியும் டாடி” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மறுநாள் காலேஜிலிருந்து பதில் வந்தது: பெற்றுக்கொண்டோம், உங்கள் கோப்பில் சேர்த்துக்கொண்டோம். பொய்க் கடிதத்துக்கு வந்த அதே இரண்டு வரி! அருளப்பன் எனக்குப் போன் போட்டார்.

“திட்டக்கூட இல்லையே மேடம்.”

மூணு வருஷம்

லிஸ்ட் முடிந்தது. ஷைனியைக் கூப்பிடவில்லை. அந்தக் கடிதத்தாலா, இல்லை அவளுக்கு முன்னால் நின்ற யாரும் நகராததாலா என்று காலேஜ் சொல்லவில்லை; சொல்லவும் மாட்டார்கள். எனக்குத்தான் ஒரு வாரம் வேலையே ஓடவில்லை. அவள் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தாள். அடுத்த வருஷம் மறுபடி போடுவாளாம்.

போன மாதம் அருளப்பன் தனியாக வந்தார். கான்ட்ராக்ட் முடிந்து வேறு கம்பெனிக்குப் போகிறார், புது பயோடேட்டா அடிக்க வேண்டும். பழையதை மேஜைமேல் விரித்து, கடைசி வரியில் விரலை வைத்தார். அந்தப் பட்டறை, அந்த மூணு வருஷம். “இதை எடுத்துருங்க” என்றார். அது போனால் ஊரில் செய்த வேலை என்று காட்ட எதுவும் இல்லையே, சம்பளம் பேசும்போது குறைப்பார்களே என்றேன். “குறைச்சா குறைக்கட்டும்” என்றார். சரி, இத்தனை காலம் கழித்து அந்த வரியை எவன் பார்க்கப் போகிறான் என்று கேட்டேன்.

“என் மவ பார்ப்பா மேடம்.”

வரி சேர்ப்பதற்கு என்னிடம் ரேட் இருக்கிறது, எடுப்பதற்கு எவ்வளவு வாங்குவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.